மரத்தை நட்டவன் யார்?



சென்ற திங்கள் ஒரு ஞாயிறு மாலை, நகரின் நடுவே நடந்த கைவினைக் கண்காட்சி ஒன்றுக்கு விடுதித் தோழர் மூவருடன் போயிருந்தேன். பெங்களூரில் கண்காட்சிகளுக்குப் பஞ்சமா? பட்டுக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, மாம்பழத்துக்குக்கூட ஒன்று உண்டு. தேர்வு முடிந்த களிப்பில் வந்த தோழர்களின் நாட்டம் சிற்றுண்டிக் கடைகளின் பக்கம் சென்றது. நான் மட்டும் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளின் முன்னால் நின்றவன் நின்றவனே. அவர்கள் திரும்பி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தபோது அரை மணி நேரம் கழிந்திருந்தது.

ஏன் நின்றேன் என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். நான் அம்பாசமுத்திரத்தவன். சிறுமியர் வீடு கட்டி விளையாடும் மரச் செப்புச் சாமான்களைக் கடைந்து கொடுக்கும் குடும்பத்தில் பிறந்தவன். கட்டைவிரல் அளவில் அடுப்பு, அதன்மேல் ஏற்றப் பானை, உரல், உலக்கை, அம்மி, திரிகை, ஒரு முழுக் குடித்தனமே எங்கள் வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் உருவாகும். தாத்தா கயிறு இழுத்துச் சுழற்றும் கடைசல் பட்டறையில் வேலை செய்தவர். அப்பா மின்சாரப் பொறியில் செய்கிறார். நானோ வேதியியல் முதுநிலை படிக்க இங்கே வந்துவிட்டேன். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை வைத்து அழுத்தும்போது, சூட்டில் அரக்கு உருகி ஒரு மணம் எழும். அந்த மணம் வரும் இடத்தில் என் கால்கள் தாமே நின்றுவிடும். கண்காட்சியில் பெரியவர் ஒருவர் சிறு பொறி ஒன்றை வைத்து, வந்தவர்கள் காணக் கடைந்து கொண்டிருந்தார்.

அவர் தலைக்கு மேலே ஓர் அட்டை தொங்கிற்று. திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகத்துக் கைவினைஞர் வந்தனர் என்ற வழிவழிச் செய்தியும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானியத் தொழில்முறையைக் கைக்கொண்டு இக்கலையைத் திருத்தினார் என்பதும், புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தன. இவை யாவும் பலரும் அறிந்தவையே. அட்டையைப் படித்த ஒருவர், “பார்த்தீர்களா, ஜப்பான்காரன் கை பட்டால்தான் எதுவும் துலங்குகிறது” என்று தம் மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனார். எனக்குச் சுருக்கென்றது. அவர் போன பிறகு, தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் பெரியவரிடம் கேட்டேன்:

“ஐயா, இது என்ன மரம்?”

அவர் உளியை நிறுத்தாமலே சொன்னார்: “ஆலே மரத்தில்தான் செய்ய வேண்டும், தம்பி. இது ரப்பர் மரம்.”

“ஆலே மரம் கிடைப்பதில்லையா?”

“கிடைக்கும்போது கிடைக்கும்.”

“அட்டையில் மரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?”

அப்போதுதான் பொறியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மரத்தைப் பற்றி யார் கேட்கிறார்கள்? சாயம் உரியுமா என்று கேட்பார்கள். பிள்ளை வாயில் வைத்தால் கெடுதல் உண்டா என்று கேட்பார்கள். விலையைக் குறைக்கக் கேட்பார்கள். மரத்தைக் கேட்டவன் நீதான்.”

நான் கேட்டதற்குக் காரணம் அறிவன்று, வீட்டு வழக்கம். எங்கள் பட்டறையில் எப்பொருளைக் கையில் எடுத்தாலும், ‘கடம்பா, தேக்கா?’ என்பதே தாத்தாவின் முதற் கேள்வி.

நிற்க. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. மரக் கைவினையைப் பற்றிய கண்காட்சி எதுவாயினும், செய்து முடித்த பொருளில் தொடங்கிச் செய்தவனின் கையோடு முடிந்துவிடுகிறது. அந்த மரத்தை யார் நட்டார், எத்தனை ஆண்டு வளர்ந்தது, இன்று வெட்டிய இடத்தில் நாளை எது வளரும் என்ற கேள்விகள் மண்டபத்துக்கு வெளியே நிற்கின்றன. ஜப்பானியரிடம் நாம் பெருமைப்பட்டு வாங்கிக் கொண்டது கடைசல் நுட்பத்தை. வாங்கத் தவறியது அவர்கள் காடு வளர்த்த முறையை. இரண்டாவதை வாங்காமல் முதலாவது நெடுநாள் நிலைக்காது என்பது என் கருத்து.

முதலில் நம் மரத்தைப் பார்ப்போம். சென்னபட்டணத்தார் ஆலே என்று சொல்வது கன்னடத்தின் ‘ஹாலே’. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரம் ஆனதை நாம் அறிவோம். பால் ‘ஹாலு’ ஆயிற்று, பல் ‘ஹல்லு’ ஆயிற்று. அவ்வாறே பாலை ‘ஹாலே’ ஆயிற்று. அதே மரத்துக்குக் கன்னடத்தில் ‘பெப்பாலே’ என்றும் ஒரு பெயர் உண்டு. கேட்ட மாத்திரத்தில் உங்களுக்கு விளங்கியிருக்கும், அது நம் வெட்பாலைதான்! தலைப் பொடுகுக்கும் தோல் நோய்க்கும் பாட்டிமார் தடவும் வெட்பாலைத் தைலம் இதன் இலையை எண்ணெயில் ஊற வைத்து எடுப்பது. வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். சாயம் தரும் இலை அது. தாவரவியலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயரிலும் சாயம் என்ற பொருள் அடங்கியிருக்கிறது. மரமோ தந்தம் போல வெளுப்பு, இழை மிக நெருக்கம். கடைவதற்கென்றே பிறந்தது போன்றது.

ஐந்திணையில் பாலைக்குப் பெயர் தந்த மரம் இதுவே என்பது அறிஞரில் ஒரு சாரார் கொள்கை. வேறு மரம் என்பாரும் உளர். அந்த வழக்கைத் தீர்க்க நான் தகுதியுடையவன் அல்லேன். ஆனால் பொருள் தேடிப் பிரிந்து போவதே பாலையின் உரிப்பொருள் என்று பள்ளியில் படித்ததை, ஊரை விட்டு வந்து இங்கே நான்காண்டு இருந்த பிறகு, இந்த மரத்தின் பெயரைக் கன்னடத்தில் கேட்டபோது நினைத்துக் கொண்டேன்.

இனி ஜப்பானுக்கு வருவோம். கண்காட்சியில் அந்த அன்பர் வியந்த ‘ஜப்பான்காரன் கை’ எத்தகையது? அரக்கை எடுத்துக் கொள்வோம். நம் அரக்கு ஒரு பூச்சியின் பிசின். புரசு, இலந்தை போன்ற மரக் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் கூடி வாழ்ந்து சுரப்பது. சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். அதனால்தான் சுழலும் மரத்தில் அழுத்தியவுடனே உருகிப் படிகிறது. பிறகு காய்ந்த ஓலையால் தேய்த்தால் கண்ணாடிபோல மின்னுகிறது. ஜப்பானியரின் ‘உருஷி’ வேறு. அது மரத்தின் பால். பட்டையைக் கீறி எடுக்கிறார்கள். அது இறுகுவதற்குச் சூடு வேண்டாம், ஈரக்காற்று வேண்டும்! பாலில் உள்ள நொதி ஒன்று காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அதை இறுக வைக்கிறது. இதை 1883இல் ஆராய்ந்து சொன்னவர் யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலார். அந்த நொதிக்குப் பிற்பாடு ‘லாக்கேஸ்’ என்று பெயர் வைத்தனர். லாக்கர், லாக்கேஸ் இரண்டும் ‘லாக்ஷா’ என்ற நம் நாட்டு அரக்குச் சொல்லிலிருந்து கிளைத்தவை. நம் பூச்சியின் பெயர் அவர்கள் மரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொடுக்கல் வாங்கல் ஒரு வழிப் பாதை அன்று என்பதற்காக இதைச் சொன்னேன். வேதியியல் மாணவன் ஆகையால் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க.

அவர்கள் பொம்மைகளும் நம் பொம்மைகளுக்கு உறவுதான். வடகிழக்கு ஜப்பானில் ‘கோகேஷி’ என்று கடைசல் பொம்மை ஒன்று உண்டு. கை கால் இல்லாத உருளை உடல், உருண்டைத் தலை. அதைக் கடைந்தவர்கள் ‘கிஜிஷி’ எனப்படும் மலைவாழ் கடைசற்காரர்கள். கிண்ணமும் தட்டும் கடைவதே அவர்கள் தொழில். நல்ல மரம் இருக்கும் மலையில் குடிசை போடுவர். மரம் தீர்ந்தால் அடுத்த மலைக்குப் போவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்ஜி அரசு நிலங்களை அளந்து உரிமை வகுத்தபோது, அந்த அலைச்சல் வாழ்வுக்கு முடிவு வந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஓர் ஆறுதல் ஏற்பட்டது. ஜப்பானியர் எல்லாரும் பிறவியிலேயே காடு காப்பவர்கள் அல்லர். மரம் தீரும் வரையில் வெட்டிப் பார்த்தவர்கள்தாம் அவர்களும்.

17ஆம் நூற்றாண்டில் கோட்டைகளும் நகரங்களும் எழுப்பி மலைகளை மொட்டையடித்தார்கள். பிறகு விழித்துக்கொண்டார்கள். கிசோ மலைக்காட்டில் ‘ஹினோகி’ முதலிய ஐந்து வகை மரங்களை வெட்டக் கூடாதென்று சிற்றரசு தடை போட்டது. ‘மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று’ என்று மக்கள் சொல்லும் அளவுக்குக் கடுமை! தடையோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. நடவும் செய்தார்கள். யோஷினோ பகுதியிலும், கியோத்தோவுக்கு வடக்கே கிதயாமாவிலும் தலைமுறை தலைமுறையாக நட்டுக் கழித்து வளர்க்கும் கலை ஏற்பட்டது.

கிதயாமாவில் ஒரு முறை உண்டு. ‘தைசுகி’ என்று பெயர். சுகி மரத்தின் அடியை விட்டுவிட்டு மேலே வெட்டுவார்கள். அந்த அடிமரத்திலிருந்து பல கிளைகள் நேர் குத்தாக எழும். வேண்டாதவற்றைக் கழித்து, வேண்டியவற்றை வளரவிட்டு, முற்றியதும் அவற்றை மட்டும் அறுத்துக் கொள்வார்கள். அடிமரம் நிற்கும். மறுபடி துளிர்க்கும். படத்தில் பார்த்தால் ஒரு மரத்தின் தலைமேல் ஒரு தோப்பே நிற்பதுபோல் இருக்கும். இதைக் கண்டு உலகமே வியக்கிறது. எங்கள் ஊர்க் குடியானவர் வியப்பாரா? கரும்பை வெட்டிக் கட்டையை விட்டால் மறுதாம்பு வரும் என்பதை அவருக்கு யார் சொல்லித் தர வேண்டும்? வெட்பாலையும் மறுதாம்பு விடும் மரமே. வெட்டிய கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்க்கும். பொம்மைக்குப் பெருமரம் வேண்டியதில்லை, கைக்கு அடங்கும் கட்டைகள் போதும். அடிமரத்தை விட்டுக் கிளைகளை அறுத்துக்கொள்ளும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் வேறு எது?

இசே என்னும் ஊரில் ஒரு பெருங்கோயில் இருக்கிறது. 20 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆம் முறை. அடுத்தது 2033இல். ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஹினோகி மரங்கள் வேண்டும். கோயிலின் சொந்தக் காட்டில் மரம் தீர்ந்து பல நூற்றாண்டுகளாக வேற்றிடத்து மரத்தை நம்பியிருந்தார்கள். 1923இல் ஒரு திட்டம் வகுத்தார்கள். எத்தனை ஆண்டுத் திட்டம் என்று நினைக்கிறீர்கள்? 200 ஆண்டு! அந்தத் திட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூட அதன் பயனைக் காணப்போவதில்லை. 2013ஆம் ஆண்டுக் கட்டுமானத்துக்கு வேண்டிய மரத்தில் ஒரு பகுதி அந்தச் சொந்தக் காட்டிலிருந்தே வந்தது. நாம் ஐந்தாண்டுத் திட்டங்களோடு வளர்ந்தவர்கள், அதையும் 2017இல் கைவிட்டோம். 200 என்ற எண்ணைப் படித்தபோது, அச்சுப் பிழையோ என்று மறுபடி பார்த்தேன்.

ஜப்பானைப் புகழ்ந்து பாட நான் பேனாவை எடுக்கவில்லை. போருக்குப் பின் அவர்கள் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். வீடு கட்ட மரம் வேண்டுமென்று மலை மலையாக ஒரே சுகி மரத்தை நட்டுத் தள்ளினார்கள். 1964இல் மர இறக்குமதிக்குக் கதவு திறந்ததும் வெளிநாட்டு மரம் மலிவாக வந்து குவிந்தது. நட்ட காடுகள் கழிப்பாரின்றிக் கிடந்தன. இன்று இளவேனில் வந்தால் அந்த மரங்களின் மகரந்தம் பறந்து, அந்நாட்டு மக்களில் பெரும்பகுதியினரைத் தும்ம வைக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு, அதில் ஐந்தில் இரண்டு பங்கு நட்ட காடு. காடு இருந்தும் ஆள் இல்லை.

உருஷியின் கதையும் அப்படியே ஆயிற்று. அவர்கள் பயன்படுத்திய உருஷியில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வரலாயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரத்திலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 200 கிராம். அதையும் ஒரு பருவம் எடுத்தபின் மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அப்படியானால் எவன் நடுவான்? ஆனால் பாருங்கள், 2015இல் அந்நாட்டுப் பண்பாட்டு அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தேசியப் பெருஞ்செல்வம் என்று குறிக்கப்பட்ட கட்டடங்களைப் பழுதுபார்க்கும்போது 2018 முதல் உள்நாட்டு உருஷியையே பூச வேண்டும் என்பதே அது. வாங்குவோர் உண்டு என்ற உறுதி கிடைத்ததும் நடுவோர் முன்வரத் தொடங்கினர். அதற்கு முன்னரே, 2006 முதல், பழங்கட்டடங்களின் பழுதுக்கு வேண்டிய மரம், பட்டை, கூரைப்புல் முதலியவற்றுக்கென்றே காடுகளைக் குறித்து வைக்கும் திட்டமும் அங்கே நடைபெறுகிறது. கலையைக் காப்பது என்றால் இதுவன்றோ!

நம் நாட்டில் மரம் நடத் தெரியவில்லையா? நன்றாகவே தெரியும். நிலம்பூரில் 1840களிலேயே தேக்கு நட்டார்கள், அது வெள்ளையரின் கப்பலுக்கு. நந்தி மலையில் திப்புவின் காலத்திலேயே தைலமரம் வந்தது என்பர். பிற்காலத்தில் கோலார்ச் சீமை முழுதும் அதை நட்டார்கள், அது காகித ஆலைக்கும் கூழ் ஆலைக்கும். நிலத்தடி நீரைப் பற்றிய அச்சம் எழுந்து, 2017இல் கர்நாடக அரசே அதை நடுவதற்குத் தடை விதிக்கும்படி ஆயிற்று. கப்பலுக்கு மரம் கேட்டவன் கவர்னர். கூழுக்கு மரம் கேட்டவன் ஆலை முதலாளி. வெட்பாலை கேட்பவனோ திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கடைசற்காரன். அவன் விண்ணப்பம் எந்த மேசையை எட்டும்?

சந்தனத்தை எண்ணிப் பாருங்கள். 1792இல் திப்பு அதை அரச மரமாக்கினார் என்பர். அந்த உரிமை அரசு மாறினாலும் மாறாமல் தொடர்ந்தது. முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவுக்குக் கட்டை போகும் வழி அடைபட, இந்திய விஞ்ஞானக் கழகத்து வேதியியலார் இங்கேயே எண்ணெய் வடித்துக் காட்ட, 1916இல் பெங்களூரில் ஆலை எழுந்தது. நம் துறைக்குப் பெருமைதான். ஆனால் குடியானவன் கொல்லையில் தானாக முளைத்த சந்தனக் கன்றுக்கும் அரசே சொந்தக்காரன் என்றால் அவன் அதை வளர்ப்பானா, பிடுங்கி எறிவானா? 2001இல் கர்நாடகத்திலும், அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிலும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்காரனுக்கே மரம் சொந்தம் என்ற பிறகுதான் மக்கள் துணிந்து நடலாயினர். காப்பதற்கென்று போட்ட வேலி, நடுகின்ற கையையும் வெளியே நிறுத்திவிடக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எங்கள் ஊரிலும் வேலி போட்டார்கள். தாத்தாவின் காலத்தில் செப்புச் சாமானுக்கு மஞ்சள் கடம்பு மலையிலிருந்து இறங்கும். வண்டியில் வரும் கட்டையைத் தட்டிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்வாராம். 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டது. 1996இல் காட்டு மரங்களை வெட்டுவது குறித்து உச்ச நீதிமன்றம் கடுமையான ஆணை பிறப்பித்தது. இவற்றை நான் குறை சொல்லவில்லை. அந்த மலை மொட்டையானால் தாமிரபரணி ஏது, எங்கள் ஊர் ஏது? அறிவியல் படிக்கும் எவனும் அந்த வேலியை வேண்டாம் என்று சொல்ல மாட்டான். ஆனால் வேலி போட்ட அன்றே, வேலிக்கு இப்பால், கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும் கடைசற்காரனுக்கென நூறு கடம்பு நட்டிருந்தால் இன்று அவை முற்றி நிற்கும். முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அப்பா இப்போது வாங்குவது ரப்பர்க் கட்டையும் தைலமரக் கட்டையும். சில ஆண்டுகளுக்கு முன் அவரும் தொழிற்காரர் சிலரும் ஓர் அலுவலகத்துக்குப் போய், ஊருக்குப் பக்கத்தில் கடம்பு நட்டுத் தரும்படி மனுக் கொடுத்தார்கள். அங்கிருந்தவர், “உங்களுக்குக் கண்காட்சியில் இடம் வேண்டுமா, சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறேன்” என்றாராம். நல்ல மனத்தோடுதான் சொல்லியிருக்கிறார். அதுவே எனக்கு வருத்தம்.

விடுதித் தோழர் ஒருவர் பொருளியல் மாணவர். திரும்பி வரும் பேருந்தில் என்னை மடக்கினார். “ரப்பர் மரத்தில் என்ன குறை? பால் வற்றிய மரத்தை விறகாக எரிப்பதற்குப் பொம்மை செய்வது மேலல்லவா?” என்றார். நியாயமான கேள்வி. ரப்பர் மரம் கெட்டதன்று. வெட்டி எறியும் மரத்துக்கு அது நல்ல பயனே. ஆனால் அந்த மரம் யார் கையில் இருக்கிறது? நாற்காலியும் மேசையும் செய்யும் பெரிய ஆலைகள் என்ன விலை கேட்கின்றனவோ அதுவே விலை. இருபது கட்டை வாங்கும் என் தந்தைக்கு அங்கே பேச்சு ஏது? ஊர்க் கொல்லையில் நிற்கும் மரத்துக்கு விலை பேச முடியும், பால் கணக்கு போலக் கடனும் சொல்ல முடியும். கைத்தொழில் என்பது கையோடு முடிவதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் மரமும் வேண்டும். இதைச் சொன்னதும் அவர், “அப்படியானால் நீ ஏன் பட்டறையை விட்டு வந்தாய்?” என்றார். பேருந்து விளக்கு அணைந்திருந்தது நல்லதாயிற்று.

விடை எனக்கும் தெளிவாகத் தெரியாது. அப்பாவே என்னைப் பட்டறையில் உட்கார விட்டதில்லை. “கட்டை வாங்க அலையுற பொழப்பு என்னோட போகட்டும்லே” என்பார். உளி பிடிக்கத் தெரியாததால் நான் வெளியேறவில்லை. பன்னிரண்டு வயதில் பம்பரம் கடைவேன். கட்டை இல்லாத நாட்களில் பட்டறை மூடிக் கிடந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்பா என்னைப் பள்ளிக்குத் துரத்தினார். கலைஞர் மக்கள் கலையைக் கைவிடுகிறார்கள் என்று மேடைகளில் கேட்கும்போதெல்லாம், அந்த மூடிய கதவுதான் என் நினைவுக்கு வருகிறது.

கண்காட்சிக்கு மறு வாரம் மைசூர் வண்டியில் ஏறிச் சென்னபட்டணத்துக்கே போனேன். 60 கிலோமீட்டர்தான். வீட்டுக்கு வீடு பொறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். தேநீர் கொடுத்து, வீட்டின் பின்னே நின்ற வெட்பாலை ஒன்றைக் காட்டினார். காய்கள் இரட்டை இரட்டையாக, நுனி மட்டும் ஒட்டிக்கொண்டு, தொங்கின. “இதை வெட்டுவதில்லையா?” என்றேன். “இது விதைக்கு” என்றார். ‘யாருக்கு விதை?’ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே முற்றிய காய்களாகப் பார்த்துப் பறித்து என் பையில் போட்டுவிட்டார்.

எனவே, இக்கட்டுரையின் வாயிலாக இரண்டு விண்ணப்பங்கள். புவிசார் குறியீடு வழங்கும் பொருள் மரத்தால் ஆனதாயின், அந்த மரத்துக்கென ஊரில் இன்ன இடம் ஒதுக்கப்பட்டது என்பதையும் பதிவில் சேர்க்க வேண்டும் என்று நாம் எழுதிக் கேட்கலாம். சட்டக்கல்லூரித் தோழர்கள் இதில் கை கொடுப்பார்களாக. மல்லேசுவரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1938இல் வன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கியது. நம்மில் எத்தனை பேர் அதன் வாயிலை மிதித்திருக்கிறோம்? தாவரவியல், வேதியியல் மாணவர்கள் ஒரு குழுவாகச் சென்று, வெட்பாலையை மறுதாம்பு முறையில் வளர்ப்பது பற்றி அறிந்து வரலாம். இது முதலாவது.

இரண்டாவது நம் மன்றத்துக்கு. ஆண்டு விழாவில் சொற்பொழிவாளருக்குக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு நினைவுப் பரிசு வழங்குகிறோம். சென்ற ஆண்டு கொடுத்தது முழுக்க பிளாஸ்டிக், வாங்கி வந்த குழுவில் நானும் இருந்தேன். இவ்வாண்டு அதற்குப் பதிலாகச் சென்னபட்டணத்துப் பொம்மை ஒன்றும் அம்பாசமுத்திரத்துச் செப்பு ஒன்றும் வழங்கலாம். விடுதிக்குப் பின்னால், பழைய சைக்கிள் கொட்டகை இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே வெட்பாலைக் கன்றுகள் நட இடம் கேட்டு மன்றச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கன்னட சங்கத் தோழர்களிடமும் பேசினேன். ‘ஹாலே’ என்றதும் உடனே சேர்ந்துகொண்டார்கள்.

தொலைபேசியில் இதை அப்பாவிடம் சொன்னேன். “நீ படிப்ப முடிச்சிட்டுப் போயிருவ. அத யாருலே வெட்டுவா?” என்றார். கட்டைக்காரர் வந்துவிட்டாரென்று உடனே வைத்துவிட்டார்.

காய்கள் என் அறை சன்னலில் வெடித்துக் கொண்டிருக்கின்றன. விதை ஒவ்வொன்றின் முனையிலும் பட்டுக் குஞ்சம் இருப்பதால் விசிறியைப் போட முடியவில்லை, அறை முழுதும் பறக்கிறது. காகித உறைகளில் பிடித்துப் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுவோர் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து பெற்றுக்கொள்ளலாம்.